பூட்டிய அறையும் புதுப்பெண்ணும்

பேய்க் கதை சிறுவர்களுக்கு, காதல் கதை பொழுது போகாதவர்களுக்கு, மர்மக் கதை ரயில் பயணத்துக்கு என்று ஒரு கணக்கு உண்டு. இம்மூன்றையும் ஒரே அட்டைக்குள் வைத்துத் தைத்த நாவல்களைப் படிப்பவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது? இலக்கியம் பயிலும் மாணவி ஆண்டு மலரில் எழுத வேண்டிய பொருளா இது என்று பேராசிரியப் பெருமக்கள் முகம் சுளிக்கக்கூடும். ஆயினும் எங்கள் விடுதியில் பாடநூல்களைவிட அதிகமாகக் கை மாறுபவை இவைதாம் என்பதை மறைப்பதற்கில்லை. எல்லாம் பழைய புத்தகக் கடைச் சரக்கு. சிலவற்றில் எப்போதோ மூடப்பட்ட வாடகை நூலகத்தின் ரப்பர் முத்திரை இருக்கும். பலவற்றில் கடைசிப் பக்கங்கள் இரா. அந்தப் பக்கங்களை ஆளுக்கொரு விதமாகக் கற்பித்துக்கொண்டு, விளக்கணைத்த பிறகும் சச்சரவிட்டுக் கொண்டிருப்போம். கைப்பேசியில் படித்து முடித்துவிடும் தோழியருக்கு அந்தச் சச்சரவின் சுகம் தெரியாது.

அட்டையைப் பார்த்தே இந்த இனத்தைச் சொல்லிவிடலாம். 1960களில் அமெரிக்காவில் மலிவுப் பதிப்புகளாக இவை வந்து குவிந்தபோது, பெரும்பாலும் ஒரே படந்தான். ஓர் இளம்பெண் இரவில் ஓடுகிறாள். பின்னால் இருண்ட மாளிகை. அதில் ஒரே ஒரு சன்னலில் மட்டும் விளக்கு. உள்ளேயும் சரக்கு அதிகமில்லை. ஒரு பழைய வீடு. அதற்குப் புதிதாக வந்த பெண். அதிகம் பேசாத ஆண். இரவில் ஒரு சத்தம். திறக்கக் கூடாத ஓர் அறை. இந்தக் கொஞ்சச் சரக்கை வைத்துக்கொண்டு இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக வியாபாரம் நடக்கிறதென்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கத்தானே வேண்டும்? பயம் ஒரு போதை, காதல் ஒரு போதை, இரண்டும் சேர்ந்தால் இரட்டிப்பு என்று ஒரு தோழி சொன்னாள். எனக்கு அது போதவில்லை. பயந்தான் வேண்டுமென்றால் தேர்வு முடிவு வரும் நாள் போதுமே!

இந்த வியாபாரத்தைப் பெரிய அளவில் தொடங்கி வைத்தவர் ஆன் ராட்கிளிஃப் என்னும் ஆங்கிலப் பெண்மணி. 1794ஆம் ஆண்டில் ‘உடோல்ஃபோவின் மர்மங்கள்’ என்ற நாவலை நான்கு தொகுதிகளாக வெளியிட்டார். அதற்கு அவர் பெற்ற தொகை 500 பவுன். ஒரு பெண் எழுத்தாளருக்கு அக்காலத்தில் அது மிகப் பெரிய தொகை. இத்தாலிய மலைக்கோட்டை ஒன்றில் கதை நடக்கிறது. அதை எழுதும்போது அம்மையார் இத்தாலியைக் கண்ணால் கண்டதில்லை என்பது வேறு கதை. தாய் தந்தையை இழந்த எமிலி, தன் அத்தையை மணந்த மொன்டோனி என்பவனின் கோட்டைக்குக் கொண்டுவரப்படுகிறாள். அக்கோட்டைக்கு முன்னாள் உரிமைக்காரி லோரெண்டினி என்ற ஒரு சீமாட்டி. ஒருநாள் காணாமற் போனவள். என்ன ஆனாள் என்று யாரும் சொல்வதில்லை. ஓர் அறையில் கறுப்புத் திரை தொங்குகிறது. எமிலி அதை விலக்கிப் பார்க்கிறாள், மயங்கி விழுகிறாள். என்ன பார்த்தாள் என்பதை ஆசிரியை சொல்ல வேண்டுமே! நூற்றுக்கணக்கான பக்கங்கள் கடந்து, கதை முடியும் தறுவாயில்தான் சொல்கிறார். அது பிணமன்று, மெழுகுப் பொம்மை. இங்கு பொறுமை இழந்து புத்தகத்தை வீசியவர்களில் நானும் ஒருத்தி. பிறகு எடுத்து வந்து மறுபடி படித்தேன். எமிலி அங்கே எதைப் பார்த்ததாக நினைத்தாள் என்பதல்லவா முக்கியம்? கொலையுண்ட லோரெண்டினியைப் பார்த்ததாக நினைத்தாள். தனக்கு முன்னே அந்தக் கோட்டையில் வாழ்ந்தவளின் கதியை.

ராட்கிளிஃப் அம்மையாரைக் கிண்டல் செய்தே ஒரு நாவல் எழுதினார் ஜேன் ஆஸ்டென். ‘நார்த்தாங்கர் அபே’ என்ற அந்நூல் அவர் மறைந்த பிறகு, 1817ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்தது. பதினேழு வயதுக் கேதரின் பேய் நாவல்களைப் படித்துப் படித்து, விருந்துக்குப் போன வீட்டில் இரவு முழுவதும் நடுங்குகிறாள். பழைய அலமாரியில் ஒரு காகிதச் சுருள் கிடைக்கிறது. விடிந்ததும் பிரித்தால் சலவைக் கணக்கு! அந்த வீட்டுத் தலைவரான தளபதி தம் மனைவியைக் கொன்றிருப்பார் என்று கூட ஐயப்படுகிறாள். அதுவும் பொய்யாகிறது. வகுப்பில் இவ்விடத்தில் அனைவரும் சிரித்தோம். ஆனால் கதை அங்கே முடியவில்லை. கேதரின் பணக்காரி அல்லள் என்று தெரிந்த மறுகணம், அதே தளபதி அவளை, துணைக்கு ஒரு வேலையாளும் இல்லாமல், ஏறத்தாழ எழுபது மைல் தூரம் தனியாக வண்டியேற்றி அனுப்பிவிடுகிறார். கொலைகாரர் அல்லர்தாம். ஆனால் அந்த மனிதரிடம் அஞ்சத்தக்கது ஒன்று இருக்கிறது என்று சலவைக் கணக்குக்காரி மோப்பம் பிடித்தது பொய்யா? ஆஸ்டென் சிரித்துக்கொண்டே நம்மை அங்கே விட்டுவிட்டுப் போய்விடுகிறார்.

இதற்குப் பின் வந்த நாவல்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். 1847இல் சார்லட் பிராண்டியின் ‘ஜேன் ஐர்’: ஏழை வீட்டு ஆசிரியை, மூன்றாம் மாடியிலிருந்து வரும் சிரிப்பொலி, அங்கே பூட்டி வைக்கப்பட்டிருப்பவள் முதல் மனைவி. 1938இல் டாஃப்னி டு மாரியேயின் ‘ரெபெக்கா’: கடலில் மூழ்கிய முதல் மனைவியின் அறை, அவளது சீப்பு, இரவு உடை எல்லாம் வைத்தது வைத்தபடி. 1960இல் விக்டோரியா ஹோல்ட் என்ற புனைபெயரில் எலினார் ஹிப்பர்ட் எழுதிய ‘மெல்லின் மாளிகைத் தலைவி’: ரயில் விபத்தில் போய்விட்டதாக ஊர் நம்பும் முதல் மனைவி ஆலிஸ். 1968இல் பார்பரா மைக்கேல்ஸின் ‘ஆமி, வீட்டுக்கு வா’: வாஷிங்டன் நகரின் ஜார்ஜ்டவுனில் ஒரு வீடு, அங்கு எப்போதோ மாண்ட பெண்ணின் ஆவி இன்றைய பெண்ணின் மேல் வருகிறது. இந்த மைக்கேல்ஸ் யார் தெரியுமா? சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1952இல் பண்டைய எகிப்தியலில் முனைவர் பட்டம் பெற்ற பார்பரா மெர்ட்ஸ். அதனால்தானோ என்னவோ, அவர் கதையில் வருபவர்கள் பேயை வேப்பிலை அடித்து விரட்டாமல், பழைய ஆவணங்களைப் புரட்டி, ‘நீ யார், உனக்கு என்ன நேர்ந்தது’ என்று விசாரிக்கிறார்கள்.

நாடு வேறு, காலம் வேறு. கேள்வி மட்டும் ஒன்று. எனக்கு முன்னே இந்த வீட்டில் இருந்தவள் என்ன ஆனாள்?

காதலிக்கும் பெண் தன் காதலனிடம் வாய்விட்டுக் கேட்க முடியாத கேள்வி அது. கேட்டால் சந்தேகப்படுகிறாள் என்பார்கள். ஆகவே அவளுக்குப் பதிலாக ஒரு பேய் கேட்கிறது. படிக்கட்டில் நடந்து, கதவைத் தட்டிக் கேட்கிறது. ஜோவன்னா ரஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1973இல் இவ்வகை நாவல்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ‘யாரோ என்னைக் கொல்லப் பார்க்கிறார்கள், அது என் கணவர் என்றே நினைக்கிறேன்’ என்பது அதன் தலைப்பு. தலைப்பைப் படித்துச் சிரித்தேன். பிறகு என் பெரிய அத்தையின் நினைவு வந்தது.

அத்தை 1979இல் இரண்டாந்தாரமாக வாழ்க்கைப்பட்டுப் போனவள். அவளுக்கு வயது பத்தொன்பது, மாமாவுக்கு முப்பத்திரண்டு. எங்கள் வட மாவட்டத்துக் குடும்பங்கள் பலவற்றில், சுமங்கலியாக இறந்துபோன பெண்ணைப் பூவாடைக்காரி என்று கும்பிடுவது வழக்கம். நல்ல காரியத்துக்கு முன்னால் புதுப்புடவையும் பூவும் வைத்து விளக்கேற்றிப் படைப்பார்கள். படைத்த புடவையை வீட்டுப் பெண் ஒருத்தி உடுத்திக்கொள்வாள். அத்தை புகுந்த வீட்டில் பூவாடைக்காரி வேறு யாருமல்லர், மாமாவின் முதல் மனைவிதான். ஆண்டுதோறும் அந்தப் புடவையை உடுத்தியவள் அத்தைதான். கூடத்தில் சந்தன மாலை போட்ட படம். அத்தை அந்தப் படத்தை ‘அக்கா’ என்பாள். வீட்டார் அத்தையைச் ‘சின்னவ’ என்பார்கள். நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த ஊரில் பாதிப் பேருக்கு அவளது இயற்பெயர் தெரியாது.

‘ரெபெக்கா’வில் ஒரு மாறுவேட நடன விருந்து வருகிறது. வீட்டுப் பொறுப்புக்காரி டான்வர்ஸின் யோசனைப்படி, இரண்டாம் மனைவி சுவரிலுள்ள ஓவியத்தைப் பார்த்து உடை தைத்து உடுத்திக்கொண்டு மாடிப்படியில் இறங்குகிறாள். கீழே நின்ற அனைவரும் வெளிறிப் போகிறார்கள். முந்தைய விருந்தில் ரெபெக்கா உடுத்தியதும் அதே உடை. இந்தப் பகுதியைப் படித்தபோது எனக்குக் கார்ன்வால் தெரியவில்லை. அத்தை வீட்டுக் கூடமே தெரிந்தது. ஒரு வேற்றுமை உண்டு. அங்கே சூழ்ச்சியால் நடந்தது. இங்கே குலதெய்வத்தின் பெயரால், நல்ல நேரம் பார்த்து, எல்லோருடைய மனநிறைவோடும் நடக்கிறது.

“அக்கா எப்படிப் போனாங்க?” என்று முதல் வருடத்தில் மாமியாரைக் கேட்டாளாம் அத்தை. “வயித்து வலி” என்றாராம். நம் ஊர்ப் பெண்கள் சாவுக்கு வயிற்று வலி என்றால் என்ன பொருள் என்பது செய்தித்தாள் படிக்கும் எவருக்கும் தெரியும். கொல்லைக் கிணற்றின் மேல் பலகை அடித்து மூடியிருந்தது. அதைக் கேட்டதற்கு, “பூனை விழுந்துடும்” என்றாராம். அதற்கு மேல் அத்தை கேட்கவில்லை. மாமாவையும் கேட்டதில்லை. மாமா நல்லவர். கை நீட்டியவரல்லர், குரல் உயர்த்தியவரும் அல்லர். 2014இல் காலமானார். “ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அத்தை” என்றேன் ஒருநாள். “கேட்டிருந்தா சொல்லியிருப்பாருடி. அதான் பயம்” என்றாள்.

இவ்வகை நாவல்களின் ஈர்ப்பு எங்கே இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவாக ஒரு திறனாய்வாளரும் எழுதி நான் படித்ததில்லை. நாவலில் அவன் வாய் திறந்தே தீர வேண்டும். பேய் அவனை விடாது. மூடியிருப்பது திறக்கும், மூழ்கியது மேலே வரும், அவன் எல்லாவற்றையும் சொல்லிவிடுவான். சொன்ன பிறகும் அவளால் அவனோடு வாழ முடியும். இந்தக் கடைசிப் பகுதிதான் கற்பனை. பேய் அன்று.

இதில் எனக்கு ஒரு மனத்தாங்கலும் உண்டு. ரோச்செஸ்டர் தன் முதல் மனைவியைப் பரணில் பூட்டி வைத்தவன். நாமோ ஜேன் அவனை மணக்க வேண்டுமே என்று தவிக்கிறோம். ‘ரெபெக்கா’வில் நிலைமை இன்னும் மோசம். முதல் மனைவியைச் சுட்டுக் கொன்றதாகக் கணவன் ஒப்புக்கொள்கிறான். கேட்ட இரண்டாம் மனைவி, ‘அப்படியானால் இவர் அவளைக் காதலிக்கவே இல்லை’ என்று உள்ளூர மகிழ்கிறாள்! ஹிட்ச்காக் 1940இல் இதைப் படமாக்கியபோது, கொலைகாரன் தண்டனையின்றித் தப்பக் கூடாது என்ற தணிக்கை விதிக்காக அச்சாவை விபத்தாக மாற்றிவிட்டார்கள். தணிக்கைக்காரர்களுக்கு உறுத்தியது அந்தப் பெண்ணுக்கு உறுத்தவில்லை. முன்னவளின் பிணத்தின் மேல்தான் பின்னவளின் மணமேடை எழ வேண்டுமா? டொமினிக்கா தீவில் பிறந்த ஜீன் ரீஸ் என்பவருக்கும் இது உறுத்தியிருக்கிறது. பரணில் இருந்தவளின் வாழ்க்கையை அவள் பக்கத்திலிருந்து ‘அகன்ற சர்காசோ கடல்’ என்ற நாவலாக 1966இல் எழுதினார். அதைப் படித்த பிறகு ‘ஜேன் ஐர்’ பழைய ‘ஜேன் ஐர்’ ஆக இருப்பதில்லை. மாடியில் சிரிப்பொலி கேட்கும்போதெல்லாம் மனம் மேலே ஏறிப் போகிறது.

ஆனாலும் ‘ஜேன் ஐர்’ நாவலில் ஓர் இடம் இருக்கிறது. சிரிப்பொலிக்கு விளக்கம் கிடைத்துவிடுகிறது, நெருப்புக்கும் கிடைத்துவிடுகிறது. நெடுந்தொலைவில் இருக்கும் ஜேனின் காதில் ஓரிரவு தன் பெயரை அழைக்கும் ரோச்செஸ்டரின் குரல் விழுகிறதே, அதற்கு மட்டும் விளக்கமே இல்லை. அதே இரவில் தான் அழைத்ததாக அவனும் பின்னர் சொல்கிறான். அச்சத்தை எல்லாம் அறிவுக்கு ஒப்பக் கட்டி முடித்த ஆசிரியை, அன்பை மட்டும் அமானுஷ்யமாக விட்டுவிட்டார். இந்தக் குரலையே முழுநாவலாக விரித்தவர் மேரி ஸ்டூவர்ட். 1976இல் வெளிவந்த ‘பூனையைத் தொடாதே’ நாவலின் நாயகி பிரையனிக்குச் சிறு வயது முதல் மனத்துக்குள் ஒருவன் பேசுகிறான். அவனை அவள் காதலிக்கிறாள். அவன் யாரென்று தெரியாது! பரம்பரையாக வரும் சக்தியாதலால் உறவினன் ஒருவனாகத்தான் இருக்க வேண்டும். எதிரே மூன்று அத்தை-சித்தப்பன் முறைப் பையன்கள். அவர்களில் நம்பத்தகாதவர் யார், உள்ளே பேசுபவன் யார்? துப்பறிதலும் காதலும் இங்கே ஒரே வேலையாகிவிடுகின்றன. விடையை நான் சொல்லப் போவதில்லை. விடுதியில் இருக்கும் பிரதியில் கடைசிப் பக்கங்கள் பத்திரமாக இருக்கின்றன.

2005இல் வந்த ‘ட்வைலைட்’ நாவலைத் தோழியர் பலர் புகழ்கிறார்கள். அதில் மாளிகையும் இல்லை, பூட்டிய அறையும் இல்லை. காதலனே இரத்தம் குடிக்கும் இனம். தன் இரகசியம் வெளிப்பட்டதும் அவனே ஒப்புக்கொண்டு விடுகிறான். அவள் உறங்கும்போது இரவில் அறைக்குள் வந்து பார்த்துக்கொண்டிருந்ததையும் அவனே சொல்கிறான்; அவளோ குளிர்ந்து போகிறாள். எனக்கு அது காதலாகத் தெரியவில்லை, மன்னிக்கவும். இருட்டில் நிற்பவனைக் கண்டு நாயகி ஓடிய பழைய அட்டைப்படமே மேல்.

பொங்கல் விடுமுறையில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கதை கேட்டாள். ‘ரெபெக்கா’வைச் சொன்னேன். டான்வர்ஸை அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. இன்ன உறவுக்காரியைப் போல என்று பெயரே சொன்னாள். “அந்த ரெண்டாவது பொண்ணு பேரென்ன?” என்று கேட்டாள். புத்தகம் முழுவதும் அவளுக்குப் பெயரே இல்லை அத்தை என்றேன். அத்தை கொஞ்ச நேரம் கீரைக் காம்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “சரி, மேல சொல்லு” என்றாள். நடன விருந்து வரையில் சொல்வதற்குள் விடுமுறை முடிந்துவிட்டது. எட்டாம் வகுப்பு வரை தமிழ்ப் பள்ளியில் படித்தவளுக்கு ஆங்கிலப் பிரதி உதவாது. ஆகவே மிச்சக் கதையை ஒரு நீளக் குறிப்பேட்டில் தமிழில் எழுதி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறேன். இப்போது பாதிக்கு மேல் ஆகிறது.

பேருந்துக்கு வரும்போது அத்தை தெருமுனை வரை கூட வந்தாள்.

“முடிவெல்லாம் நீ எழுதறப்போ படிச்சிக்கிறேன். ஒண்ணு மட்டும் இப்பவே சொல்லிடு. அந்த ஆளு வாயத் தொறந்து சொல்லுவானா, மாட்டானா?”

“சொல்லுவான் அத்தை.”

“அப்படின்னா எழுதி அனுப்பு” என்றாள்.